பனியன் தின்ற மண்

வெள்ளைப் பருத்திப் பனியன் இரண்டு. ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு, இரண்டும் அக்குளில் ஒரே மாதிரி கிழிந்தவை. ஒன்றை, மூன்று வருடமாக நான் பார்த்துப் பார்த்துப் பராமரித்த பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். இன்னொன்றை வீட்டின் பின்பக்கம், யாரும் எட்டிப் பார்க்காத மரத்தடியில், சருகை ஒதுக்கிவிட்டு அதே ஆழத்தில் புதைத்தேன். அறுபது நாள் கழித்து இரண்டையும் தோண்டினேன். அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

இந்தச் சோதனை என் கண்டுபிடிப்பு இல்லை. பல நாடுகளில் விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் பருத்தி உள்ளாடையைப் புதைத்து இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். பருத்தி ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ். பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை உடைத்துத் தின்னும். துணி எவ்வளவு காணாமல் போகிறதோ அவ்வளவு உயிரோட்டம் மண்ணில் இருக்கிறது என்று கணக்கு. இதற்குக் கொஞ்சம் ஒழுங்கான வடிவமும் உண்டு. பச்சைத் தேயிலைப் பை ஒன்றையும் ரூயிபோஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர்ப் பை ஒன்றையும் எடை போட்டு, 8 செ.மீ. ஆழத்தில் 90 நாள் புதைத்துவிட்டு, எடுத்து மறுபடி எடை போடுவது. 2013-இல் வெளியான அந்த முறையை வைத்துப் பல நாட்டுச் சாதாரண மக்கள் ஆய்வாளர்களுக்குத் தரவு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் நல்ல தராசு இல்லை, பனியன் இருந்தது.

மரத்தடியில் தோண்டியபோது முதலில் ஒன்றுமே கிடைக்கவில்லை. இடம் மாறிவிட்டதோ என்று இன்னும் கொஞ்சம் அகலமாகத் தோண்டினேன். அப்புறம் விரலில் ஒரு நூல் மாட்டியது. இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. தையல் போட்ட பாலியெஸ்டர் நூல், சலவைக் குறிப்பு அச்சிட்ட சின்னப் பட்டை, கழுத்து வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த சல்லடைத் துணி. உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் ஒரு பனியனின் கோட்டுப் படம், நடுவில் பனியன் இல்லை. நூலைச் சுற்றி வெள்ளையாக, சிலந்தி வலையைவிட மெல்லிசாகப் பூஞ்சை இழைகள். தொட்டதும் சுருண்டுகொண்டன.

பாத்தியைத் தோண்டுவதற்கு முன்பே எனக்குப் பெருமை வந்துவிட்டது. கவனிக்காத இடமே இப்படியென்றால், உரம் போட்டு, கொத்திக் கிளறி, களை எடுத்து, பாக்கெட்டில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியையும் கரைத்து ஊற்றி நான் வளர்த்த மண் எப்படித் தின்றிருக்கும்! தோண்டினேன். பனியன் முழுசாக வந்தது. பழுப்புக் கறை, அங்கங்கே கரும்புள்ளி, ஓரத்தில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. உதறினால் பொலபொலவென்று மண் கொட்டியது. துவைத்தால் போட்டுக்கொள்ளலாம்.

மார்க் போட்ட கதை

என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி மண் நுண்ணுயிரியலில் ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு பனியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பி, "என் மண் செத்துப்போச்சு" என்று எழுதினேன். ஆறுதல் வரும் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு பனியன வச்சு ரெண்டு மண்ணுக்கும் மார்க் போடுறியா? இடத்துக்கு ஒண்ணுன்னா அதுக்குப் பேரு சோதனையே இல்ல. சரி, பாத்தியில அந்த ஆழத்துல ஈரம் இருந்துச்சா?"

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன். தினமும் பூவாளியில் தெளிக்கிற தண்ணீர் இரண்டு விரற்கடைதான் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே மாவு மாதிரி உலர்ந்த மண். மரத்தடியில் சருகு மூடாக்கு இருந்ததால் கையை விட்டால் குளிர்ந்தது. பாத்தியை வாரம் தவறாமல் கொத்திக்கொண்டிருந்தேன், அதில் பூஞ்சை இழைகளும் அறுந்துகொண்டே இருந்திருக்கும். மூன்று வருடப் பராமரிப்பில் நான் பராமரித்தது மேல்தோலைத்தான்.

"ஒரு தேக்கரண்டி மண்ணில் உலக மக்கள்தொகையைவிட அதிக உயிர்கள்" என்ற வரியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தவறான வரி என்று சொல்ல முடியாது. வளமான மண் ஒரு கிராமில் ஆயிரம் கோடி பாக்டீரியா வரைக்கும் இருக்கலாம். ஆனால் அந்த வரியைக் கேட்டால் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒரு படம் மனதில் வருகிறது, அது சரியில்லை. மண் துகள்களின் மொத்தப் பரப்பை விரித்துப் பார்த்தால் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள நீர்ப்படலம் அறுந்தால் பக்கத்துத் துளையில் இருக்கும் உணவுகூட ஒரு பாக்டீரியாவுக்கு எட்டாது. எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலானவை உறக்க நிலையில்தான் இருக்கும். ஈரமோ உணவோ வரும்வரை காத்துக்கிடப்பதுதான் அவற்றின் பிழைப்பு. காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் கார்பன் டை ஆக்சைடு குபுக்கென்று கிளம்புகிறது. 1958-இல் இதை விவரமாக எழுதிய பர்ச் என்ற ஆய்வாளரின் பெயரிலேயே அதைப் பர்ச் விளைவு என்கிறார்கள். அத்தனை நாள் முடங்கிக் கிடந்தவை ஒரே நேரத்தில் மூச்சு விடுவதும், வறட்சியில் செத்தவற்றை அவை தின்பதும் சேர்ந்த கணக்கு அது.

ஆக, என் பாத்தியில் ஆளே இல்லாமல் போகவில்லை, வேலைக்குத் தோதான நிலைமைதான் இல்லை. அந்தப் பாக்கெட் பொடி விஷயத்தையும் இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. இத்தனை கோடி உயிர்கள் ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிற மண்ணில், வெளியிலிருந்து ஒரு கைப்பிடி நுண்ணுயிரைக் கொட்டினால் அது நிலைப்பது அபூர்வம். பயறு வகைகளுக்கு ரைசோபியம் என்ற பாக்டீரியாவைச் சேர்ப்பது வேறு கதை. அங்கே வேர் முண்டு என்று தனி வீடே கட்டிக் கொடுத்து, சர்க்கரை ஊட்டி, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வாங்கிக்கொள்கிறது செடி. 1886-இல் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அந்த முண்டுகளின் வேலையைக் காட்டினார்கள், 1888-இல் பைஜரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார். யாரோடு யார் சேரும் என்று தெரிந்து செய்த வேலை என்பதால் இன்றும் அது பலிக்கிறது. நான் வாங்கிய பாக்கெட்டில் "கோடிக்கணக்கான நன்மை செய்யும் உயிர்கள்" என்று இருந்தது. எந்த உயிர், எந்தச் செடிக்கு, எந்த மண்ணில் என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

யாருக்கு நல்ல மண்?

இதோடு விட்டிருந்தால் எனக்கு நிம்மதி. தண்ணீரைச் சரியாக விட்டால் பாத்தியும் பனியன் தின்னும், முடிந்தது கதை. ஒரு வாரம் கழித்து அவளிடம் பேசும்போது, "சரி, இனிமே அதையும் நல்ல மண்ணா ஆக்கிக் காட்டுறேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "நல்ல மண்ணுன்னா யாருக்கு நல்லது?"

இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. சீக்கிரம் மட்கினால் நல்லது என்று நான் நினைத்தேன். செடிக்கு உணவு வேண்டும் என்கிற வரைக்கும் அது சரி. ஆனால் மட்குவது என்றால் கார்பன் காற்றுக்குப் போவது என்றும் அர்த்தம். உலகின் நிலப்பரப்பில் 3 சதவீதம் அளவே இருக்கும், பீட் எனப்படும் அரைகுறையாக மட்கிய தாவரப் படிவு நிறைந்த சதுப்பு நிலங்களில், எல்லாக் காட்டு மரங்களிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் அடைந்து கிடக்கிறது. காரணம், அங்கே மட்கும் வேலை சரியாக நடப்பதில்லை. நீர் தேங்கி, ஆக்ஸிஜன் இல்லாமல், அமிலத்தில் ஊறிய பாசி ஆயிரக்கணக்கான வருடமாக அரைகுறையாகக் கிடக்கிறது. 1950-இல் டென்மார்க்கின் சதுப்பு ஒன்றில் பீட் வெட்டியவர்கள் கண்டெடுத்த டோலுண்ட் மனிதன் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் அங்கே கிடந்தவன். தலையில் தோல் தொப்பி அப்படியே இருந்தது, முகத்தில் தாடி முள்கூடத் தெரிந்தது. என் அளவுகோலின்படி அது உலகத்திலேயே மோசமான மண். அந்தச் "செத்த" மண்ணில் நீரை வடித்துக் காயவைத்து உயிர் கொடுத்தால் பருவநிலைக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. இதில் இன்னொரு வேடிக்கை, பருத்தி, லினன் மாதிரித் தாவர நார்கள் அந்த அமிலச் சதுப்பில் பெரும்பாலும் தாங்குவதில்லை. தோல் நிற்கும், நார் கரைந்துவிடும். அங்கே போய்ப் பனியனைப் புதைத்திருந்தால் அது கரைந்ததைப் பார்த்து அந்த மண்ணுக்கு நூறு மார்க் போட்டிருப்பேன்.

மண்புழுவையும் இப்படித்தான் நினைத்திருந்தேன். மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவர்கள்தானே நாம். உழவனுக்கு நண்பன் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வட அமெரிக்காவின் வடக்குக் காடுகளில் பனியுகத்தின் பனிப்படலம் பின்வாங்கிய பிறகு, பத்தாயிரம் வருடத்துக்கும் மேலாக மண்புழுவே கிடையாது. அந்தக் காடு புழு இல்லாமலே வளர்ந்தது. உதிர்ந்த இலை பூஞ்சையின் கையில் மெல்ல மட்கி, மெத்தை மாதிரி தடித்துக் கிடக்கும். காட்டுப்பூ விதைகள், மரக்கன்றுகள், பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர்கள், தரையில் கூடு கட்டும் பறவைகள் எல்லாம் அந்த மெத்தையை நம்பியவை. ஐரோப்பியர் கப்பல்களில் எடைக்காக ஏற்றிய மண்ணிலும் செடிகளின் வேரிலும் ஒட்டிக்கொண்டு புழுக்கள் வந்தன. பிறகு தூண்டில்காரர்கள் மிச்ச இரையைக் காட்டில் கொட்டிவிட்டுப் போனார்கள். புழு போய்ச் சேர்ந்த இடங்களில் அந்த மெத்தை சில வருடங்களில் காலி. அங்கே வேலை பார்க்கிற சூழலியலாளர்களுக்கு மண்புழு என்றால் ஆக்கிரமிப்பு உயிரினம்.

ஒரு உயிரை நல்லது கெட்டது என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். மண் விஷயத்தில் இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை போலிருக்கிறது. "ஹியூமஸ்" என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். இலை மட்கி, பெரிய பெரிய கரிய மூலக்கூறுகளாக மாறி, நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்து நிற்கும் என்று நீண்ட காலமாகப் பாடப்புத்தகம் சொன்னது. மண்ணைக் காரக் கரைசலில் கரைத்து எடுத்துப் பார்த்தால் அந்தக் கரிய பொருள் குடுவையில் கண்ணுக்குத் தெரிந்தது. 2015-இல் லேமனும் கிளெபரும் எழுதிய கட்டுரையில், அந்தப் பொருளை உண்டாக்குவதே அந்தக் காரக் கரைசல்தான், மண்ணில் அப்படியே அது இருப்பதற்குச் சான்றில்லை என்று வாதிட்டார்கள். மண்ணில் இருப்பது பல்வேறு நிலையில் சிதைந்துகொண்டிருக்கும் துண்டுகள். களிமண் துகளில் ஒட்டிக்கொண்டதாலோ, நுண்ணுயிர் எட்டாத துளையில் ஒளிந்துகொண்டதாலோ அவை தப்பிக்கின்றன. இது வெறும் பெயர்ச் சண்டை என்று தோன்றலாம். மண்ணில் கார்பனைச் சேர்த்து வைத்துப் பருவநிலையைக் காப்பாற்றலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு, எது எதனால் தங்குகிறது என்பதுதான் முழு விஷயமே.

மரங்கள் பூஞ்சை இழை வழியாகப் பேசிக்கொள்கின்றன என்ற கதையும் அப்படித்தான். 1997-இல் சுசேன் சிமார்டும் உடன் உழைத்தவர்களும் பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் நடுவே கார்பன் இடம் மாறியதை அளந்து காட்டினார்கள். அழகான வேலை. அதன் பிறகு தாய்மரம் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது, எச்சரிக்கிறது என்றெல்லாம் கதை வளர்ந்தது. நானும் கண் கலங்கி நாலு பேருக்குச் சொன்னவன்தான். 2023-இல் மூன்று ஆய்வாளர்கள் இதுவரை நடந்த களச் சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இந்தப் பெரிய பேச்சுக்கெல்லாம் ஆதாரம் போதவில்லை என்று எழுதினார்கள். அந்த மூவரில் ஒருவர் 1997 கட்டுரையை எழுதியவர்களிலும் ஒருவர். தன் பெயர் போட்ட வேலையைச் சுற்றி எழுந்த கோபுரத்தைத் தானே போய்த் தட்டிப் பார்க்கிற அந்தக் குணம் எனக்கு மரக்கதையைவிடப் பிடித்திருந்தது.

இருபத்தொன்பது வருடம்

பொறுமைக்கு ஒருத்தரைச் சொல்ல வேண்டுமென்றால் டார்வின்தான். 1837-இல் மண்புழுவைப் பற்றித் தன் முதல் கட்டுரையை வாசித்தார். 1842-இல் தன் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பிவிட்டு வந்தார். 1871-இல் அதே வயலில் பள்ளம் வெட்டிப் பார்த்தார். புழுக்கள் கீழிருந்து மேலே கொண்டுவந்து கொட்டிய மண்ணுக்கு அடியில், 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாகச் சுண்ணம் கிடந்தது. நடுவில் 29 வருடம், அதற்குள் பரிணாமக் கோட்பாட்டையே எழுதி முடித்துவிட்டார். சாவதற்கு முந்தைய ஆண்டு, 1881-இல் வெளியான அவருடைய கடைசிப் புத்தகம் புழுக்களைப் பற்றியது. நான் அறுபது நாளில் தீர்ப்பு எழுதினேன்.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கிய கோதுமை வயல் சோதனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வப்போது எடுத்த மண்ணையும் வருடா வருடம் எடுத்த தானியத்தையும் பாட்டிலில் அடைத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். தொடங்கியவர்கள் கேட்ட கேள்வி உரத்தைப் பற்றியது. நூறு வருடம் கழித்து வந்தவர்கள் அதே பாட்டில்களைத் திறந்து, தொழிற்சாலைப் புகையின் நச்சு மண்ணில் எப்படி ஏறிவந்தது என்று கணக்கெடுத்தார்கள். இந்த மாதிரி வேலைக்குப் பணம் கேட்டால் "இதனால் மூன்று வருடத்தில் என்ன கிடைக்கும்?" என்றுதான் முதல் கேள்வி வரும் என்று தோழி சொல்வாள்.

என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து மண்ணில் யாரும் எதையும் எடுத்ததில்லை. காசநோய்க்கு முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது. ஈஸ்டர் தீவுக்கு 1964-இல் போன ஒரு கனடா நாட்டுக் குழு கொண்டுவந்த மண்ணிலிருந்து ராபாமைசின் பிறந்தது, ராபா நுய் என்ற தீவின் பெயரே மருந்துக்கும். அதை ஆராய்ந்துகொண்டிருந்த சுரேந்திர நாத் சேகல் வேலை பார்த்த நிறுவனம் எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட்டது. மனுஷன் அந்த நுண்ணுயிரைத் தன் வீட்டு உறைபெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பிற்பாடு அந்த மருந்து, 1999-இல் அனுமதி பெற்று, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்கித் தள்ளாமல் இருக்கப் பயன்பட்டது. வீட்டில் யாராவது உறைபெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை எடுத்து வெளியே போட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும்.

இன்னும் எத்தனை மிச்சம் என்பதற்கும் உறுதியான எண் இல்லை. உலகின் உயிரினங்களில் கால்வாசி மண்ணில் வாழ்கிறது என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். 2023-இல் வந்த ஒரு மதிப்பீடு அதை 59 சதவீதம் என்றது, கூடவே பிழைக்கு அகலமாக இடமும் விட்டது. மண் பாக்டீரியாவில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளரவே வளராது. அதனால் அவற்றை அதே மண்ணுக்குள் வைத்து வளர்க்க ஒரு சின்னத் துளைத்தட்டு செய்தார்கள். அப்படி வளர்ந்த ஒன்றிலிருந்துதான் 2015-இல் அறிவிக்கப்பட்ட டெக்சோபாக்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வந்தது. நம் பேச்சில் மட்டும் இன்னும் மண்ணாங்கட்டி என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

தோழி சொன்னபடி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் வலைத்துணி கட்டி, மரத்தடிச் சருகை நிரப்பி, மேலே குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டேன். கீழே கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றிய கிண்ணம். மேலிருந்து சூடும் வெளிச்சமும் இறங்க இறங்க, உள்ளே இருப்பவை ஈரத்தைத் தேடிக் கீழே கீழே போய்க் கிண்ணத்தில் விழும். பெர்லேசி என்ற இத்தாலியர் 1905-இல் செய்த புனலின் ஏழைத் தம்பி இது. மறுநாள் காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் செம்பழுப்புச் சிற்றுண்ணிகள், உருண்டையாக, பாலிஷ் போட்ட மாதிரி. அவற்றுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கமா அளவில் ஸ்பிரிங்டெயில்கள். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் முள்கரண்டி மாதிரி உறுப்பை விசையாக விட்டுத் துள்ளுகிற குட்டி உயிர். மண்வாசனை என்று நாம் உருகுகிறோமே, அந்த ஜியோஸ்மினைப் பெரும்பாலும் செய்வது ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்ற மண் பாக்டீரியா. வித்து விடும் பருவத்தில் அது அந்த வாசனையை விட்டு ஸ்பிரிங்டெயிலை வரவழைக்கிறது, அது வந்து தின்றுவிட்டு வித்துகளைச் சுமந்துபோய்ப் பரப்புகிறது என்று 2020-இல் ஒரு ஆய்வு காட்டியது. மழை வாசனை நமக்கு எழுதிய கடிதம் இல்லை. வேறு யாருக்கோ போகிற கடிதத்தை வழியில் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்த பிறகு பாத்தியில் கொத்துவதை நிறுத்தினேன். சருகு போட்டு மூடினேன். இது "நல்ல மண்" ஆகுமா என்று இப்போது யாராவது கேட்டால், எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறேன். பழைய வெள்ளை பனியன்கள் தீர்ந்துவிட்டதால் ஒரு பருத்திப் படுக்கை விரிப்பைக் கிழித்துச் சமமாகப் பதினெட்டுத் துண்டு போட்டேன். ஒன்பது பாத்தியில், ஒன்பது மரத்தடியில். ஒவ்வொன்றிலும் பாலியெஸ்டர் நூலில் ஒரு பிளாஸ்டிக் எண், நோட்டில் ஆழம், தேதி, ஈரம். முப்பது நாளுக்கு ஒருமுறை பக்கத்துக்கு மூன்றாக எடுப்பதாகத் திட்டம். முதல் ஆறை எடுத்தாயிற்று. மரத்தடி நான்காம் எண்ணின் நூல் இருக்கிறது, பிளாஸ்டிக் அட்டையை மட்டும் காணவில்லை. பிளாஸ்டிக்கை மண் தின்றிருக்க வாய்ப்பில்லை. பெருச்சாளியாக இருக்கும் என்கிறாள் தோழி. நோட்டில் இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.